கேம் வானத்துல கோடு விழுதா?

கேள்வி: சார், 2டி விமான கேம் ஒண்ணு பண்றேன், சைடுல ஓடிக்கிட்டே இருக்கும். மேகத்தை ஃப்ராக்டல் நாய்ஸ் (பெருசும் சிறுசுமா பல அடுக்கு சேர்த்து கணக்குப் போட்டு உண்டாக்குற, மேகம் மாதிரி ஒழுங்கில்லாத வடிவம்) வச்சு 1024 பிக்சல் அகலத்துல எடுத்தேன். தனியா பாத்தா சூப்பர். ஆனா ஒரு படம் முடிஞ்சு அடுத்தது ஒட்டுற இடத்துல செங்குத்தா கோடு. ரெண்டு ஓரத்தையும் பிளெண்ட் பண்ணேன், கோடு போச்சு, அந்த இடம் மட்டும் மங்கலா, அழுக்குப் பிடிச்ச மாதிரி தெரியுது. என்ன செய்யலாம்? - ஒரு கல்லூரி மாணவர்

பதில்: அது மங்கத்தான் செய்யும் தம்பி. சம்பந்தமே இல்லாத ரெண்டு நாய்ஸை பாதிப்பாதி கலந்தா நடுவுல கான்ட்ராஸ்ட் 70 சதவீதம் பக்கம் இறங்கிடும், வெள்ளையும் நீலமும் சாம்பலாயிடும். காடோட்ங்கிற (Godot) கேம் என்ஜின்ல நாய்ஸ் டெக்ஸ்சருக்கு சீம்லெஸ்னு (ஒட்டு தெரியாதது) டிக் பண்ற இடம் இருக்கே, சாதாரணமா அதுவும் ஓரத்தை பிளெண்ட்தான் பண்ணுது, அதனால அதை நம்பி உக்காராதீங்க.

கோட்டை அப்புறமா அழிக்கிறதை விட, ஓரமே இல்லாத இடத்துல இருந்து நாய்ஸை எடுங்க. எப்படின்னா, பிக்சலோட எக்ஸை கோணமா மாத்துங்க, 0னா 0 டிகிரி, 1024னா 360. அந்தக் கோணத்தோட காஸ், சைன் ரெண்டையும் ஒரு ஆரத்தால பெருக்கி, ஒய்யை அப்படியே மூணாவதா வச்சு, 3டி நாய்ஸ்கிட்ட குடுங்க. இப்ப உங்க படம் ஒரு உருளையைச் சுத்தி ஒட்டின பேப்பர், ஆரம்பமும் முடிவும் ஒரே இடம். ஆரம் 163 வைங்க, 1024ஐ 2πயால வகுத்தா வர்றது, அப்பதான் மேகம் பழைய சைஸ்லயே வரும், குறைச்சா பக்கவாட்டுல இழுத்த மாதிரி ஆயிடும்.

இன்னொரு வழி, பெர்லின் நாய்ஸோட (கட்டம் போட்டு, புள்ளிக்குப் புள்ளி மதிப்பு வச்சு உண்டாக்குற நாய்ஸ்) கட்டத்தையே மடக்கிறது. அகலத்துக்கு 4 கட்டம்னா 4வது புள்ளிக்கு 0வது புள்ளியோட மதிப்பையே குடுக்கணும், அடுத்தடுத்த ஆக்டேவ் (மேல மேல சேர்க்கிற நுணுக்கமான அடுக்கு) 8, 16, 32னு போகணும். இதுல லாகுனாரிட்டி, அதாவது ஒவ்வொரு ஆக்டேவுக்கும் கட்டம் எத்தனை மடங்கு கூடுதுங்கிறது, முழு எண்ணாத்தான் இருக்கணும். 2.1னு வச்சீங்கன்னா 8.4 கட்டம் வரும், அரைகுறையா நிக்கிற அந்தக் கட்டம்தான் திரும்பக் கோடா வந்து நிக்கும். (கென் பெர்லின் இந்த நாய்ஸை 1983ல உருவாக்கினாரு, கம்ப்யூட்டர் படமெல்லாம் ரொம்ப வழவழன்னு மெஷின்தனமா இருக்குன்னு கடுப்பாகித்தான். 1997ல டெக்னிக்கல் ஆஸ்கரே குடுத்தாங்க.)

மேல கீழ ஒட்டணும்னு மெனக்கெடாதீங்க, உங்க கேம்ல அது தேவையே இல்ல. நீல கிரேடியன்ட் தனி லேயர், மேகம் ட்ரான்ஸ்பரன்ட்டா அதுக்கு மேல. மேகத்தையே ரெண்டு லேயரா, வேற வேற அகலத்துல, வேற வேற வேகத்துல ஓடவிட்டா அதே மேகம் திரும்பத் திரும்ப வர்றது லேசுல கண்ணுல படாது.

கேள்வி: 3டி கேமுக்கு ஸ்கைபாக்ஸ் (சுத்தி வானம் தெரிய ஆறு பக்கமும் படம் ஒட்டின பெட்டி) பண்றேன், ஆறு படமும் தனித்தனியா சீம்லெஸ்தான், ஆனாலும் மூலையில மேகம் வெட்டுப்படுதே? - இன்னொரு வாசகர்

பதில்: தனித்தனியா சீம்லெஸ்னா அந்தப் படம் தன்னோடதான் ஒட்டும், பக்கத்து முகத்தோட எப்படி ஒட்டும்? ஒவ்வொரு பிக்சலுக்கும் நடுவுல இருந்து பாக்கிற திசையை எடுத்து, நீளத்தை 1 ஆக்கி, அதோட எக்ஸ், ஒய், இசட்டை 3டி நாய்ஸுக்குக் குடுங்க, ஆறு முகத்துக்கும் ஒரே சீட் எண் (நாய்ஸ் எந்த வடிவத்துல வரணும்னு தீர்மானிக்கிற ஆரம்ப எண்). அப்புறமும் மெல்லிசா கோடு தெரிஞ்சா டெக்ஸ்சர் ராப்ங்கிற செட்டிங் ரிப்பீட்ல (எதிர் ஓரத்து நிறத்தை எடுத்துக்கும்) இருக்கும், கிளாம்ப்புக்கு (தன் ஓரத்து நிறத்தோட நிக்கும்) மாத்துங்க. ஜேபிஜில மட்டும் சேவ் பண்ணிடாதீங்க, அது 8க்கு 8 பிளாக்கா அமுக்கி ஓரத்தைக் கெடுத்துடும், பிஎன்ஜியே போதும்.