20 மீட்டர் பேண்டில் 14.350 வரை அனுமதி என்றால் 14.349-ல் பேசலாமா?

கேட்டவர் புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கியவர். அவருடைய ரிக்கின் (பேசும் வானொலிப் பெட்டியின்) டயல் 14.349 மெகா ஹெர்ட்ஸ் காட்டுகிறது, பேண்ட், அதாவது நமக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டு, 14.350-ல்தான் முடிகிறது. அப்படியானால் உள்ளேதானே இருக்கிறேன் என்கிறார்.

இல்லை, வெளியே போய்விட்டீர்கள். எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது.

பெங்களூர் அல்சூரில் மொட்டை மாடியில் இன்வெர்டட் வீ ஆன்டெனா கட்டிய புதிது. ஒரு சாயங்காலம் 14.348-ல் தூர தேசத்து ஸ்டேஷன் ஒன்று கூப்பிட்டது. பாய்ந்து பதில் கொடுத்தேன். மறுநாள் காலை 40 மீட்டர் பேண்டில், ஜாலஹள்ளிப் பக்கம் இருக்கும் பழைய ஓஎம் (ஹாம் நண்பர்) ஒருவர், "தம்பி, நேத்து எங்க நின்னு பேசுனீங்க?" என்றார். பெருமையாக 14.348 என்றேன். "மாட்டை எங்க கட்டுனீங்கன்னு கேக்கல, எங்க மேஞ்சுதுன்னு கேக்குறேன்."

விஷயம் இவ்வளவுதான். டயலில் தெரிவது முளைக்குச்சி. வரப்போரம் முளை அடித்தால் கயிறு எட்டும் வரை மாடு பக்கத்து வயலில் மேயும். சைட்பேண்ட் முறையில் பேசும்போது நம் குரலுக்கு ஏறக்குறைய 3 கிலோ ஹெர்ட்ஸ் கயிறு. 20 மீட்டரில் வழக்கம் யூஎஸ்பி, அதாவது அப்பர் சைட்பேண்ட் (பென்டிரைவ் செருகுவது வேறு). அதில் மாடு மேல் பக்கம் மட்டுமே போகும். 14.348-ல் முளை அடித்த நான் 14.351 வரை மேய்ந்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டவரும் அதே தப்பைத்தான் செய்தார், ஆனால் அது எனக்குச் சாக்கு ஆகாது.

40 மீட்டரில் இது தலைகீழ். அங்கே எல்எஸ்பி, அதாவது லோயர் சைட்பேண்ட், மாடு கீழ்ப் பக்கம் போகும். டயல் 7.000 காட்டினால் குரல் முழுக்க வெளியே. 7.200-ல் கணக்குப்படி உள்ளேதான், ஆனாலும் நான் ஒரு கிலோ ஹெர்ட்ஸ் தள்ளியே நிற்பேன். பழைய ரிக்கின் டயலைச் சத்தியம் செய்து நம்ப முடியாது. எஃப்எம் என்றால் கயிறு இரண்டு பக்கமும், பக்கத்துக்குச் சுமார் 8 கிலோ ஹெர்ட்ஸ். 2 மீட்டர் பேண்ட் நமக்கு 144 முதல் 146 வரை. 145.995-ல் பேசினால் அதுவும் வேலி தாண்டியதுதான். மோர்ஸ் மட்டும் சாது, ஓரத்துக்குக் கொஞ்சம் நெருங்கலாம்.

எஃப்டி8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை) ஆட்களும் கவனியுங்கள். டயல் 14.074-ல் இருந்து, நீங்கள் 1500 ஹெர்ட்ஸ் டோனில் அனுப்பினால், உண்மையில் காற்றில் போவது 14.0755.

ஓரம் பேண்டுக்கு நடுவிலும் உண்டு. 14.100-ல் உலகம் முழுக்க 18 பீக்கன்கள் (தானாகச் சமிக்ஞை அனுப்பும் நிலையங்கள்) முறை வைத்து ஒலிக்கின்றன, கொழும்பு 4எஸ்7பி உட்பட. 14.098-ல் யூஎஸ்பியில் பேசினால் நேரே அவற்றின் தலையில் உட்காருவீர்கள்.

அப்புறம், யூடியூப். அமெரிக்கக்காரர்கள் "ஜெனரல் கிளாஸ் உரிமத்துக்கு 14.225-லிருந்துதான் குரல்" என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். அங்கே 40 மீட்டர் 7.300 வரை, 2 மீட்டர் 148 வரை. அங்கிருந்து யாராவது வாங்கி வந்த ரிக் 7.250-லும் 147-லும் தாராளமாக டிரான்ஸ்மிட் ஆகும். ரிக் விடுகிறது என்பது அனுமதி ஆகாது. இங்கே 7.200-க்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களின் இடம். சீன ஹேண்டியிலும் (கையடக்க ரிக்கிலும்) அப்படியே. 70 சென்டிமீட்டரில் நமக்கு 434 முதல் 438 வரைதான், 433 கிடையாது. பழைய புத்தகங்களை வைத்துப் படித்தவர்கள் 7.100 வரைதான் என்று சொல்வார்கள். 2009 வரை அது சரி, அதன் பிறகுதான் 7.200 ஆனது. உங்கள் கிரேடுக்கு எந்தப் பேண்ட், எத்தனை வாட் என்பதற்கு உரிமத்தோடு வரும் அட்டவணை ஒன்றே பேச்சு.

7.250-ல் அமெரிக்கக்காரர் தெளிவாகக் கேட்டால் கேளுங்கள், ரசியுங்கள், பிடிடியை (பேச அழுத்தும் பொத்தானை) தொடாதீர்கள்.

ஜாலஹள்ளிக்காரர் சொன்ன அன்றே ரிக்கின் நெற்றியில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். 14.346, 18.164, 21.446. யூஎஸ்பியில் அதற்கு மேல் டயல் போகக் கூடாது. பேனா மை மங்கும்போதெல்லாம் மறுபடி எழுதிவைக்கிறேன்.