மகனிடம் நேராகக் கேளுங்கள்

கிளப்பில் கால்பந்து ஆடும் மகனுக்கு நெஞ்சு படபடக்கிறது, ஆட்டத்துக்கு முன் வயிறு கலக்குகிறது, முடி உதிர்கிறது, இதய நோயாக இருக்குமோ என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு படபடப்பை விடுங்கள், அம்மா. ஈசிஜி, எக்கோ என்ற இதயப் பரிசோதனைகள் இரண்டும் சரியாக இருக்கின்றன. ஓடும்போது அவர் மயங்கி விழுந்ததும் இல்லை. ஆட்டத்துக்கு முன் வயிற்றைக் கலக்குவது பதற்றம்தான். 2014-இல் உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி அணியின் மெர்டசாக்கரே தனக்கும் அப்படித்தான் என்று 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார். முடி உதிர்வதை அப்புறம் பார்க்கலாம். யூடியூபில் இதய நோய் வீடியோ பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

கடிதத்தின் கடைசியில் இருந்த இரண்டு வரிதான் முக்கியம். பெனால்டியைத் தவறவிட்டதிலிருந்து தூக்கமில்லை. லீவில் மண்டபம் ஊருக்கு வந்தவர் பூட்ஸை எல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்றிருக்கிறார். உங்கள் பயமும் அதுதான். நியாயமான பயம்.

இன்றே தனியாக உட்காரவைத்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருந்தால் மனசு இளகும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் இருந்தாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். ராத்திரியானாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஜெர்மனி கோல்கீப்பர் ராபர்ட் என்கே மனச்சோர்வை வெளியே தெரியாமல் மறைத்தே ஆடிக்கொண்டிருந்தார்; 2009-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். நன்றாக ஆடுகிறார், சிரித்துப் பேசுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அறை நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையை யாரைக் கேட்டுப் போடுகிறார்? எனக்குக் கோபம் வருவது இதில்தான். இங்கிலாந்துக்கு ஆடிய டெலி அல்லி தூக்க மாத்திரைக்கு அடிமையாகிச் சிகிச்சை எடுத்ததை 2023-இல் சொன்னார். அட்டைகளை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல வாரம் போட்டிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

ஏர்வாடி தர்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு.

வீட்டுக் கடனை அவர் சம்பளத்தில் அடைக்கும் பேச்சையும், அடுத்த சீசன் எந்தக் கிளப் என்று உறவினர் கேட்பதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். நள்ளிரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். அவர் மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம்.