ஊர் திரும்பியவர்களுக்கு அரசு மருத்துவம்: கேள்வி பதில்

கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர்: குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா, பாய்?

தாராளமாக. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கும்போது எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாத்திரையும் இலவசம்.

காப்பீடு வேறு கதை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது ரேஷன் கார்டில். வெளிநாடு போனபோது பெயரை நீக்கியிருப்பார்கள், திரும்பி வந்ததும் சேர்க்க மறந்திருப்பார்கள். முதலில் பெயரைச் சேருங்கள். அப்புறம் விஏஓவிடம் வருமானச் சான்று, ஆதார், கார்டு மூன்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குவைத் சம்பளம் நின்றது சரி, அதே கார்டில் இருக்கும் மகன் சம்பாதித்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும். நெஞ்சுவலி வந்த பிறகு இந்த அலைச்சல் வேண்டாம், இப்போதே முடியுங்கள்.

அதிராம்பட்டினம்: ஆதாரே எடுக்கவில்லை. 182 நாள் காத்திருக்கணுமாமே?

இந்திய பாஸ்போர்ட் இருந்தால் வேண்டாம். 2019லேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

மயிலாடுதுறை: அத்தா மலேசியக் குடிமகன், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கிறார். இங்கேயே தங்கிவிட்டார். காப்பீட்டில் சேர்க்கலாமா, அண்ணே?

முடியாது தம்பி. ஓசிஐ என்பது குடியுரிமை இல்லை. ரேஷன் கார்டு கிடையாது, அதனால் இந்தக் காப்பீடும் கிடையாது. 182 நாள் தங்கினால் ஆதார் வாங்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. சாலை விபத்து என்றால் மட்டும் விஷயம் வேறு: 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. மற்றதற்குத் தனியார் பாலிசிதான். முன்பே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கும்பகோணம்: சிங்கப்பூர் பிஆரை (நிரந்தரவாச உரிமையை) விட்டுவிட்டேன். அந்த நாட்டு அரசு மருத்துவக் காப்பீடான மெடிஷீல்ட் தொடருமா?

தொடராது. அது குடிமக்களுக்கும் பிஆருக்கும்தான்.

பாபநாசம்: துபாயிலிருந்து வந்த அம்மாவால் நடக்க முடியவில்லை. மாதா மாதம் பிரஷர் மாத்திரைக்கு யார் போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே கொண்டுவருவார்கள். துபாய் மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் இங்கே புரியாது. மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.