நாற்காலியை எங்கே போடுவது? மனக்காயமும் வேலையிடமும்: கேள்வி பதில்

2005 ஜனவரியில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்குப் போனபோது, நான் மனநலச் சமூகப்பணி படித்து முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சுனாமியில் போயிருந்தார்கள். அங்கே கற்றதையும், பிறகு ஆலை, மருத்துவமனை, பள்ளி என்று அலைந்து கற்றதையும் வைத்துத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனியின் மனிதவளப் பிரிவு): "மனக்காயத்தைப் புரிந்து நடக்கும் கம்பெனியா நீங்கள்" என்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கிறார். ஒரு நாள் பயிற்சி வைத்தால் போதுமா மேடம்?

பதில்: போதாது. பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். உங்கள் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் வீட்டில் அடி வாங்கியவர், யார் சின்ன வயதில் தாயை இழந்தவர், யார் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. யாருக்கும் அப்படி ஒன்று இருக்கலாம் என்று நினைத்து, அந்தப் புண்ணை மறுபடி கீறாதபடி வேலையிடத்தை அமைக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் மனநல சேவை அமைப்பான சாம்சா 2014இல் இதற்கு ஆறு அடிப்படைகளை வகுத்தது: பாதுகாப்பு, ஒளிவுமறைவின்மை, சக மனிதரின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, அவரவர் பேச்சுக்கும் விருப்பத்துக்கும் இடம், பண்பாடும் வரலாறும் பாலினமும் பற்றிய கவனம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இதெல்லாம் ஷிஃப்டில் எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

ஒரு கம்பெனியில் பார்த்ததைச் சொல்கிறேன். டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் பின்னாலிருந்து வந்து மெஷின் மேஜையைத் தட்டுவார். ஒரு பெண் ஒவ்வொரு முறையும் துள்ளி விழுவாள். ஒருநாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. "கவனமில்லாதவள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அவளிடம் நான் கதை எதுவும் கேட்கவில்லை. சூப்பர்வைசர்கள் முன்பக்கமாக வர வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், மேஜையைத் தட்டக் கூடாது என்று மட்டும் ஒரு விதி போட்டோம். ஒரு பைசா செலவில்லை. அவளுக்கு மட்டுமில்லை, அந்த லைன் முழுக்கவே மூச்சு விட்டது.

பாத்ரூம் போக டோக்கன், கேட்டில் உடம்பைத் தடவிச் சோதிப்பது, ஹாஸ்டலில் போனை வாங்கி வைப்பது, ஒடியா பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் மட்டும் அறிவிப்பு: இவற்றையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு பயிற்சி நடத்தினால் தொழிலாளர்கள் அதை நம்ப மாட்டார்கள். நீங்களே ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை நடக்கும் இடத்தில் நடந்து பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் மனிதர்கள் பயந்து நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

கேள்வி (விருதுநகர் மாவட்டம், பட்டாசு ஆலை போர்மேன்): பக்கத்து அறையில் வெடித்து எங்கள் ஆட்கள் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஆலையைத் திறக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் இருக்கிறது. பெண்கள் வர மறுக்கிறார்கள். எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைப் பேசச் சொன்னால் பயம் போகுமா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நீங்களும் அந்த ஆலையில்தான் இருந்திருக்கிறீர்கள். கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கட்டாயமாகப் பேச வைக்காதீர்கள். நடந்து முடிந்த உடனே எல்லோரையும் கூட்டி, ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பெரிதாகப் பரவியிருந்தது. அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. சுனாமிக்குப் பிறகு கீச்சாங்குப்பத்தில் ஒரு கொட்டகைக்குள் நான் போய் உட்கார்ந்ததும், ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கிரேயான் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, "உங்களுக்கும் அலை வரையணுமாக்கா?" என்று கேட்டான். எனக்கு முன்னால் வந்த ஒவ்வொரு குழுவும் அவனை அலை வரைய வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியை இந்த இருபது வருடத்தில் நான் மறக்கவில்லை.

அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, வெடித்ததற்குக் காரணம் என்ன, அதில் என்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று ஆலை திறக்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள். காரணம் இன்னும் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, அந்த வேலையை மட்டும் நிறுத்தி வையுங்கள். அந்தப் பெண்களின் பயம் நோயில்லை, சரியான கணக்கு. ஆபத்து குறையாமல் பயத்தை மட்டும் குறைக்க முயல்வது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு, இறந்தவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ள ஆலையானால், சார்ந்திருப்போர் உதவியாகக் கூலியில் 90 விழுக்காடு மாதாமாதம் குடும்பத்துக்கு வரும். அந்தக் காகிதங்களுக்கு ஆலையிலிருந்து ஒரே ஒருவர் பொறுப்பேற்று கூடவே போகட்டும். கணவனை இழந்தவள் ஏழு மேஜையில் ஏழு தடவை சாவைச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

மூன்று, திரும்பி வருவது படிப்படியாக இருக்கட்டும். முதல் நாட்களில் பேக்கிங் போன்ற வேலை, தெரிந்தவர் பக்கத்தில் இடம், வெடிமருந்து அறைக்குப் போக மறுத்தால் கூலி வெட்டில்லை என்ற உறுதி. நாகையில் கடலுக்குப் போகப் பயந்திருந்தவர்கள் அப்படித்தான் திரும்பினார்கள். முதலில் கரையில் வலை பின்னினார்கள், பிறகு பங்காளிகளோடு ஒரே படகில் கொஞ்ச தூரம் போய் வந்தார்கள்.

தூக்கம் வராமல் இருப்பது, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, அந்த வாடை வந்தாலே குமட்டுவது எல்லாம் முதல் வாரங்களில் இயல்பு. பெரும்பாலானோருக்குத் தானாகவே தணியும். தூங்கட்டும் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நிலைக்கு முதல் மாதத்தில் டயசிபாம் வகை மாத்திரைகள் தரக்கூடாது என்பது 2013லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரு மாதம் கடந்தும் தணியாவிட்டாலோ, அதற்கு முன்பே ஒருவர் சாவைப் பற்றிப் பேசினாலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்): முன்பெல்லாம் அழுகை வரும். இப்போது எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் பிள்ளை சிரித்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. நான் கெட்டவன் ஆகிவிட்டேனா அக்கா?

பதில்: இல்லை தம்பி. மனசு தாங்க முடியாததைத் தாங்குவதற்காக மரத்துப்போகிறது. ஆனால் அதற்கு ரத்தத்தை மட்டும் மறைத்து, பிள்ளையின் சிரிப்பை மட்டும் உள்ளே விடத் தெரியாது. இதை நீங்கள் கவனித்து எழுதியதே நல்ல விஷயம். குழந்தை இறந்த கேஸுக்குப் பிறகு வண்டியைத் தனியாகக் கழுவாதீர்கள், டிரைவரும் நீங்களும் சேர்ந்து கழுவுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் பத்து நிமிடம் எங்காவது டீக்கடையில் உட்காருங்கள். 14416 டெலி-மானஸ் எண், 2022இல் தொடங்கிய அரசு சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த வாரமே ஒருமுறை கூப்பிடுங்கள். மோசமான கேஸ் முடிந்ததும் அடுத்த அழைப்புக்கு முன் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி (வேதாரண்யம் பக்கம், ஆசிரியை): மழை விடுமுறை அறிவித்தால் எல்லாப் பிள்ளைகளும் குதிப்பார்கள். ஒருவன் மட்டும் அன்று யாரையாவது அடிப்பான். கண்டித்துப் பார்த்துவிட்டேன்.

பதில்: டீச்சர், 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது அவனுக்கு என்ன வயது, அவன் வீட்டுக் கூரை என்ன ஆனது என்று அவன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவனிடம் கேட்க வேண்டாம். அடுத்த முறை அறிவிப்பு வந்ததும், வகுப்பில் சொல்வதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பு கொடுங்கள்: ஜன்னல் கொக்கி மாட்டுவது, நோட்டுகளை மேல் அலமாரியில் வைப்பது. இன்று ராத்திரி நீ எங்கே இருப்பாய், யாரோடு இருப்பாய் என்று அவன் வாயால் சொல்ல வையுங்கள். கைக்கு வேலை இருந்தால் அடி குறையும். அடித்தால் கண்டிக்கத்தான் வேண்டும், அடிபட்ட பிள்ளையும் உங்கள் பிள்ளைதான்.

கேள்வி: எங்கள் பாட்டி பஞ்சம், பிளேக் எல்லாம் பார்த்தவர். ஒரு கவுன்சலிங்கும் இல்லை. இப்போது உள்ளவர்களுக்கு மீள்திறன் இல்லை என்பதுதானே உண்மை?

பதில்: உங்கள் பாட்டி தனியாகத் தாங்கவில்லை. சாவு விழுந்தால் தெருவே வந்து உட்கார்ந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. ஒப்பாரியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி அழ இடம் இருந்தது. பதினாறாம் நாள் என்று ஒரு எல்லையும் இருந்தது. பேரிடருக்குப் பிறகு மனிதர்களுக்கு என்ன தேவை என்று ஹாப்ஃபோல் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 2007இல் ஐந்தைத் தொகுத்தார்கள்: பாதுகாப்பு, அமைதி, நம்மால் முடியும் என்ற உணர்வு, உறவுத் தொடர்பு, நம்பிக்கை. பாட்டியின் தெருவில் இவற்றில் பல இருந்தன. வாடகை அறையில் தனியாக இருக்கும் உங்கள் ஊழியருக்கு ஒன்றாவது இருக்கிறதா? மீள்திறன் என்ற சொல்லை "தாங்கிக்கொள்" என்பதற்குப் பதிலாகப் பயன்படுத்தும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் காலத்திலும் தாங்க முடியாமல் கிணற்றில் விழுந்தவர்கள் உண்டு. அவர்கள் பேரனுக்குச் சொல்ல உயிரோடு இருக்கவில்லை.

கேள்வி (முல்லைத்தீவு, மாதர் சங்கம்): அக்கா, எங்கட சங்கத்தில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாக்கள் கனபேர். வாற உளவளத்துணையாளர் ஒராள் "ஏற்றுக்கொண்டு முன்னுக்குப் போங்கோ" எண்டு சொல்லுறா. அம்மாக்கள் கோபிச்சு வாறதில்லை.

பதில்: அம்மாக்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. உடலும் இல்லை, பதிலும் இல்லை, எதை ஏற்றுக்கொள்வது? பவுலின் பாஸ் என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இதில் முடிவு தேடச் சொல்வதே வன்முறையாகிவிடும் என்பதுதான் அவருடைய ஆய்விலிருந்து நான் புரிந்துகொண்டது. பிள்ளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே ஒரு அம்மா கோழி வளர்க்கலாம், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பலாம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாருக்கு, அந்தப் பந்தலே ஒருவருக்கொருவர் துணையாக இருந்த இடம். சங்கக் கூட்டம் போராட்ட நாளில் வராதபடி வையுங்கள். படத்தைக் கொண்டுவர விரும்புகிறவர் கொண்டுவரட்டும். பிள்ளையைப் பற்றி "இருந்தான்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர் "இருக்கிறான்" என்றால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இதற்கு மேல் அங்கே வாழும் உங்களுக்குத்தான் தெரியும். உங்களிடம் நான் கற்க வேண்டியது அதிகம்.

கேள்வி (உள் புகார்க் குழு உறுப்பினர், சென்னை): பாலியல் தொல்லைப் புகார் கொடுத்த பெண் விசாரணையில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார். பொய் சொல்கிறாரா?

பதில்: முரண் இருப்பதால் மட்டும் பொய் என்று ஆகாது, உண்மை என்றும் ஆகாது. பயத்தில் பதிந்த நினைவு எப்போதும் வரிசையாக வராது. "பிறகு என்ன" என்று துரத்தாமல், "எது நினைவிருக்கிறதோ அதிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒரே தடவை முழுதாகப் பதிவு செய்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். நாற்காலியை எங்கே போட என்று அவரிடமே கேளுங்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவில் யாரும் உட்காரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு வாசலில் காத்திருக்க வைக்காதீர்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் எழுதிக் கேட்டால் விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்பு பரிந்துரைக்கலாம். இதைப் பலர் அவர்களிடம் சொல்வதே இல்லை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும்தான். இந்த மரியாதையெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு. அதனால் நீதி எதுவும் குறைந்துவிடாது.

கேள்வி (மதுரை, துணிக்கடை உரிமையாளர்): என்னிடம் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் என்னிடம் பணம் இல்லை. யாராவது அழுதால்கூட என்ன செய்வது என்று தெரியாது.

பதில்: உட்கார நாற்காலி போட்டிருக்கிறீர்களா? 2021லிருந்து தமிழ்நாட்டில் அது சட்டம். எட்டு மணி நேரம் நின்ற கால் மனசையும் சேர்த்துத்தான் வலிக்க வைக்கும். சம்பளத் தேதியை மாற்றாதீர்கள். வார விடுமுறை யாருக்கு எந்த நாள் என்று ஒரு மாதம் முன்பே சுவரில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். ஒருவர் அழுதால் ஸ்டாக் ரூமில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். "யாரையாவது கூப்பிடணுமாம்மா, கொஞ்ச நேரம் தனியா இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள். காரணம் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், கடையில் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். அன்றைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.