மஞ்சள் பெயின்டில் ஈயம்

கேள்வி: எங்கள் பழைய வீட்டு ஜன்னல்களில் மஞ்சள் பெயின்ட் உரிகிறது. அதில் ஈயம் இருக்கிறதா என்பதை நிறை நிறமாலைமானி (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) கண்டுபிடிக்குமா? சிமென்டையும் சோதிக்கலாமா?

பதில்: கண்டுபிடிக்கும். பளிச்சென்ற மஞ்சளுக்கு நெடுங்காலம் லெட் குரோமேட் என்ற நிறமியே பயன்பட்டதால், உங்கள் ஐயம் நியாயமானது. ஆய்வகத்தில் பெயின்ட் துணுக்கைத் தூளாக்கி, நைட்ரிக் அமிலத்துடன் மூடிய கலத்தில் மைக்ரோவேவ் சூட்டில் கரைத்து, அக்கரைசலைச் சாரலாக்கி, 6,000 டிகிரிக்கும் மேல் தகிக்கும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் (மின்னூட்டம் பெற்ற ஆர்கான் வாயுவுக்குள்) செலுத்துகிறார்கள். அங்கே அயனிகளாகும் அணுக்கள் நிறை வாரியாகப் பிரிக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. 206, 207, 208 ஆகிய நிறைகளில் ஈயம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கரைசலில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ஈயம்கூட இதற்குத் தப்பாது.

ஆனால் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தைத் தேடும்போது இதே கருவி ஏமாறலாம். அதன் நிறை 75; ஆர்கானும் குளோரினும் ஒட்டிக்கொண்டாலும் அதே 75 வரும் என்பதால், இடையில் ஹீலியம் வாயுவைச் செலுத்தி அந்தப் போலியை வடிகட்டுகிறார்கள்.

சிமென்டையும் சோதிக்கலாம். ஆனால் அதிலுள்ள குரோமியத்தின் மொத்த அளவுதான் தெரியும், வகை தெரியாது. தோல் அழற்சி தரும் வகையான ஆறிணைதிற குரோமியத்தைத் தனியே பிரித்தே அளக்க வேண்டும்.

இந்தியாவில் வீட்டு பெயின்ட் உற்பத்தியில் ஈயத்தின் வரம்பு, 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்கு. உங்களுடையது அதற்கு முந்தைய பூச்சு என்றால், முடிவு வரும்வரை உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள். உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.