'ரிஸென்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? 'ஐ ரிஸென்ட் ஆன் மை பிரதர்' என்று எழுதலாமா?

அகராதியைப் புரட்டினால் 'வெறு', 'மனக்கசப்புக் கொள்' என்று போட்டிருக்கும். இரண்டும் அரைக் கிணறுதான். என்னைக் கேட்டால் 'உள்ளுக்குள் புழுங்குவது' என்பேன். வானம் மூட்டம் போட்டு, மழையும் வராமல், காற்றும் அசையாமல் ஒரு நாள் கிடக்குமே, அந்தப் புழுக்கம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி? இது நியாயமா?' என்ற கேள்வி அதற்குள் இருந்தே தீரும். அது இல்லாவிட்டால் வெறும் எரிச்சல்.

எல்லார் சொந்தத்திலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும். அக்கா உள்ளூரில் அம்மாவோடு. தம்பி வெளிநாட்டில். மாசாமாசம் பணம் வந்துவிடும், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து இறங்கி, "அம்மாவுக்கு ஏன்க்கா இன்னும் பிசியோ ஆரம்பிக்கல?" என்பான். அக்கா பதில் பேசாமல் காபி ஆற்றிக் கொடுப்பாள். 'ஷி ரிஸென்ட்ஸ் ஹிஸ் அட்வைஸ்' என்பது அந்தக் காபி ஆற்றும் நேரம். தம்பியை அவள் வெறுக்கவில்லை. அவன் ஊருக்குக் கிளம்பும்போது அழுவதும் அவள்தான். அவன் சம்பளத்தை நினைத்து வயிறு எரிந்தால் அதற்கு 'பிக்ரட்ஜ்' என்று வேறு சொல் இருக்கிறது.

நாம் வழுக்குவது இலக்கணத்தில். தமிழில் கோபம், வருத்தம் எல்லாம் ஒருவர் 'மேல்' வரும். அந்த 'மேல்' ஆங்கிலத்திலும் ஏறி உட்கார்ந்து 'ரிஸென்ட் ஆன்' ஆகிவிடுகிறது. வேண்டாம். யாரை, எதை என்று நேராகச் சொல்லிவிட வேண்டும், நடுவில் ஒட்டு எதுவும் கிடையாது. ஒரு செயலைச் சொல்வதென்றால் 'இங்' விகுதி வரும்: 'ஐ ரிஸென்ட் பீயிங் ட்ரீட்டட் லைக் எ சைல்ட்'. 'டு' போட்டால் தவறு.

உச்சரிப்பு இன்னொரு வம்பு. நடுவில் வருவது 'ஸ' அல்ல, இஸட் எழுத்தின் ஒலி; அழுத்தம் இரண்டாம் அசையில். 'ரீசென்ட்டா ஒரு படம் பார்த்தேன்' என்கிறோமே, அது வேறு சொல். 'மறுபடி அனுப்பினேன்' என்ற 'ரீ-சென்ட்' மூன்றாவது. குழப்பம் வராமலிருக்க எழுத்தில் அதற்கு நடுவே ஒரு சிறுகோடு போடுவது நல்லது. அந்தக் கோட்டின் அருமை எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸை இரண்டாம் முறை அனுப்பிவிட்டு, கோடு போடாமல் 'ஐ ரிஸென்ட் யுவர் இன்வாய்ஸ்' என்று எழுதிவிட்டேன். 'உங்கள் இன்வாய்ஸை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது' என்கிற மாதிரி. அவர், 'நியாயமாக அது நான் சொல்ல வேண்டியது' என்று பதில் போட்டார். நல்ல மனுஷன்.

'ஐ ரிஸென்ட் தட்' என்று தனியாக வந்தால் புழுக்கம் இல்லை, எதிர்ப்பு. 'நீ சோம்பேறி' என்று யாராவது சொன்னால் உடனே திருப்பிக் கொடுப்பது. நண்பர்களுக்குள் விளையாட்டாகவும் சொல்வார்கள். மேனேஜருக்கு மெயிலில் எழுதாதீர்கள், சொல் கனமானது.

இந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'சென்டிரே'வுக்குப் போகிறது. அதன் பொருள் 'உணர்', அவ்வளவுதான். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவர் செய்த உதவியைக்கூட 'ரிஸென்ட்' செய்யலாம், நன்றியோடு உணர்ந்தேன் என்ற பொருளில். பிறகு நல்லதெல்லாம் உதிர்ந்து கசப்பு மட்டும் தங்கிவிட்டது. நம் 'நாற்றம்' நறுமணமாக இருந்து இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே, அதே கதை.

உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். 'ஆன்' என்பதை எடுத்துவிட்டால் 'ஐ ரிஸென்ட் மை பிரதர்'. இலக்கணப்படி சரி. ஆனால் மொத்த ஆளையும் சொன்னதாகிவிடும். அண்ணனா தம்பியா தெரியவில்லை, அவர் செய்த ஒரு காரியம்தான் உங்களை உறுத்துகிறது என்றால் அந்தக் காரியத்தை மட்டும் எழுதுங்கள்: 'ஐ ரிஸென்ட் மை பிரதர் டிசைடிங் எவ்ரிதிங் வித்தவுட் ஆஸ்கிங் மீ.'