எந்தப் படத்துக்குப் பஸ் ஏறலாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். வீட்டில் ஆறு பேர். அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் போகிறவர்கள். ராம்நாடு போய் ஒரு படம் பார்த்து வந்தால் டிக்கெட், பஸ், இடைவேளைத் தீனி எல்லாம் சேர்த்து ஒரு வாரச் செலவு போய்விடுகிறது. யூடியூப் விமர்சனத்தை நம்பிப் போய் இரண்டு முறை ஏமாந்தோம். போன வாரம் வீட்டிலேயே ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தோம். ஞாயிறு ராத்திரி பாதி பார்த்துவிட்டு, மீதியைச் செவ்வாய் ராத்திரி போட்டால் மறுபடி பணம் கேட்கிறது. புதுப் படங்களில் எதைத் தியேட்டரில் பார்ப்பது, எதை வாடகைக்கு எடுப்பது, எதை விட்டுவிடுவது? ஏதாவது வழி சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

வாடகை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிரைம் வீடியோவிலும் யூடியூபிலும் வாடகைக்கு எடுத்த படத்தைப் பார்க்கத் தொடங்க பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. ப்ளே பட்டனைத் தொட்டுவிட்டால் 48 மணி நேரம்தான். பாதியில் நிறுத்தினாலும் அந்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிறு இரவு 8 மணிக்குத் தொடங்கி, திங்கள் கடலுக்குப் போய், செவ்வாய் காலை கரைக்கு வந்து, மீனைப் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து இரவு 9 மணிக்குத் திறந்தால் கெடு முடிந்திருக்கும். விசைப்படகு கடலுக்குப் போகத் திங்கள், புதன், சனி என்று முறை இருக்கும்வரை உங்கள் வீட்டில் வாடகைப் படம் தொடங்கத் தோதான நாள் வியாழன் மாலை. வெள்ளி முழுவதும் கையில் இருக்கிறது.

இனி விமர்சனம். முதல் நாள் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் 'பப்ளிக் ரிவ்யூ' எதற்கும் உதவாது. அங்கே நிற்பவர் ஒன்று ரசிகர், இல்லையென்றால் எதிர் ரசிகர். நட்சத்திர மதிப்பெண்ணையும் ஒதுக்குங்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்த ஐந்து படங்களை எடுத்துக்கொண்டு, ஒரே விமர்சகர் அந்த ஐந்துக்கும் என்ன சொன்னார் என்று பாருங்கள். நாலில் உங்களோடு ஒத்துப்போனால் அவரை நம்பலாம். ஐந்திலும் நேர் எதிராகச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் நல்லவர். அவர் திட்டும் படத்துக்குத் தைரியமாகக் கிளம்பலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒத்துப்போகிறவரால்தான் பயனில்லை.

விமர்சனத்தைப் படிக்கும்போதும் 'வேற லெவல்', 'மொக்கை' என்பதையெல்லாம் தாண்டி, எந்தப் பாதி இழுக்கிறது, சத்தம் காதைக் கிழிக்கிறதா, வெட்டுக்குத்து எவ்வளவு என்பதைத் தேடுங்கள். அந்தத் தகவலுக்கும் ஆயுள் குறைவு. 2024இல் 'இந்தியன் 2' வெளியான சில நாட்களில் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு 'மெய்யழகன்' 18 நிமிடம் குறைக்கப்பட்டது. நீளம் என்று முதல் நாள் வந்த புகார் அடுத்த வாரம் பொருந்தாமல் போகலாம்.

நான் அதிகம் நம்புவது முதல் திங்கட்கிழமையை. வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் விளம்பரத்துக்கு வந்த கூட்டம். திங்கள் மாலைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு டிக்கெட் ஆப்பில் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள், வாங்க வேண்டியதில்லை. ராம்நாட்டுத் தியேட்டர் ஆன்லைனில் இல்லையென்றால் மதுரையைப் பாருங்கள். மறு வெள்ளிக்கிழமை எத்தனை காட்சி மிச்சம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரிய நடிகர் படம் நாலு காட்சியிலிருந்து ஒரு காட்சிக்கு இறங்கினால் பார்த்தவர்கள் வாய்வழியே சேதி பரவிவிட்டது என்று பொருள். சின்னப் படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கிடைத்ததே பகல் காட்சி ஒன்றுதான், அடுத்த பெரிய படம் வந்ததும் அதுவும் போய்விடும். அப்படிக் காணாமல் போகும் படங்களின் பெயரைக் குறித்துவையுங்கள். ஓடிடியில் தேடிப் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். போஸ்டரில் போடும் கோடிகளைப் படிக்கவே வேண்டாம். மொத்த வசூலா, தியேட்டர் பங்கு கழித்ததா என்று யாரும் சொல்வதில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் இன்னொரு கணக்கு. 2 மணி 50 நிமிடப் படத்துக்கு 6.30 காட்சி போனால், விளம்பரமும் இடைவேளையும் சேர்த்து வெளியே வர ஏறக்குறைய 9.50 ஆகும். பாம்பன் பாலம் தாண்டி வர வேண்டிய குடும்பத்துக்கு அது சரிப்படாது. மதியக் காட்சியைப் பாருங்கள். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் சான்றிதழையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து தணிக்கைச் சான்றிதழில் யுஏ (பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கும் வகை) என்பதை வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். 16+ என்றிருந்தால் ஒன்பது வயதுப் பிள்ளையோடு போவது டிக்கெட்டையும் கெடுக்கும், இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும்.

பெரிய திரையும் ஒலியும் இல்லாமல் பாதியாகிவிடும் படம் என்றால் தியேட்டர். பேச்சும் முகமும் நம்பி ஓடும் படம் வீட்டு டிவியில் ஒன்றும் குறையாது. அதற்குக் காத்திருங்கள். எவ்வளவு நாள்? தமிழ்ப் படங்கள் பலவும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்தியிலும் வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வெளியாகும் படம் என்றால் எட்டு வாரம். அங்கே அது நிபந்தனை. 2023இல் 'லியோ' இந்தப் பிரச்சினையால்தான் அந்தத் தியேட்டர்களில் இந்தியில் வரவில்லை. எந்த ஓடிடி என்பது படத்தின் தொடக்கத்தில் வரும் லோகோக்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். லோகோ எதுவும் இல்லையென்றால் விற்பனை முடியவில்லை என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட படத்துக்கு நாள் சொல்ல முடியாது.

வாடகையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சந்தாவில் வருவதற்கு முன்பே காசு வாங்கிக் காட்டுவது. 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமும் பிரைமில் முதலில் வாடகைக்கு வந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் சந்தாவுக்குள் போய்விட்டன. ஏற்கெனவே சந்தா இருக்கிறவர் இந்த வகையில் காசைக் கொட்டுவது வெறும் அவசரம். இன்னொன்று, எந்தச் சந்தாவிலும் இல்லாத படம். இதற்குத்தான் வாடகை நியாயம். காசு கட்டுமுன், உங்கள் செல்போன் ரீசார்ஜோடு வரும் ஓடிடியில் அந்தப் படம் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். ஆடியோ என்ற இடத்தில் தமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். தெலுங்கு, மலையாளப் படங்களில் டிரெய்லர் தமிழில் இருக்கும், வாடகைப் பிரதி மூல மொழியில் மட்டும் இருக்கும். பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் பார்ப்பதில் டேட்டாதான் காலை வாரும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், மீடியத்தில் 0.7 ஜிபி. 2 மணி 45 நிமிடப் படம் மீடியத்தில் 2 ஜிபிக்குள் முடியும், எச்டியில் 8 ஜிபி தாண்டும். தினம் 2 ஜிபி பேக்கில் எச்டி போட்டால் இடைவேளைக்கு முன்பே சக்கரம் சுற்றும். பெரும்பாலான பேக்குகளில் நள்ளிரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்குவதால், 10.40க்கு ஆரம்பித்தால் படத்தின் பாதி மறுநாள் கணக்கில் போய், இரண்டு நாள் டேட்டாவையும் பயன்படுத்தலாம். அப்போதும் எச்டிக்குப் போதாது. டிவியில் வசனம் கேட்காமல் பாட்டு மட்டும் அலறினால், ஆடியோவில் 'தமிழ் 5.1' (பல ஸ்பீக்கர் வைத்த வீட்டுக்கான ஒலி) என்பதை மாற்றி வெறும் 'தமிழ்' வைத்துப் பாருங்கள்.

வருடச் சந்தா உங்களுக்குத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எல்லாரும் கரையில். பொங்கலுக்கும் அதன் பிறகு மார்ச் நடுவரைக்கும் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அதற்குள் ஓடிடிக்கு வந்திருக்கும். முதல் மாதம் ஒரு ஓடிடி, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாதச் சந்தா எடுங்கள். எடுத்த அன்றே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள். பொதுவாக அந்த மாதம் முடியும்வரை படம் ஓடும். இதை மறப்பதால்தான் ஜூலையிலும் பணம் போகிறது.

அண்ணன் படகில் பார்க்க வேண்டுமென்றால் முந்தின இரவே வீட்டில் டவுன்லோடு செய்து, ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டவுன்லோடுக்கும் காலக்கெடு உண்டு. அது முடிந்திருந்தால் நெட் இல்லாமல் திறக்காது. ஆனால் இந்தச் சோதனையைச் சந்தாப் படத்துக்கு மட்டும் செய்யுங்கள். வாடகைப் படத்தைச் சோதிக்கிறேன் என்று ப்ளே அழுத்தினால் அந்த 48 மணி நேரம் தொடங்கிவிடும். டேட்டா ரோமிங்கையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். தனுஷ்கோடி தாண்டினால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும்.